நிமிராத குல்லா

பின்னல் துணிக்கு முதுகெலும்பு கிடையாது. ஒரு கண்ணிக்குள் இன்னொரு கண்ணி தொங்கிக்கொண்டிருக்கும். எந்தப் பக்கம் இழுத்தாலும் மறுபேச்சில்லாமல் அந்தப் பக்கம் போகும். காலுறைக்கும் ஸ்வெட்டருக்கும் அந்தக் குணம்தான் வேண்டும். பாரசீகக் குல்லா ஒன்றைப் பின்னலாம் என்று ஊசியை எடுத்தால்தான் வம்பு. அந்த ஊரில் தொப்பி என்பதே நிமிர்ந்து நிற்கிற சமாசாரம். யாருடையது எவ்வளவு நிமிரலாம் என்பதற்குக் கட்டுப்பாடும் இருந்தது.

டொராண்டோவில் இருக்கும் அக்கா மகன் குளிருக்கு ஒரு குல்லா கேட்டிருந்தான். உச்சியில் பஞ்சுக் குஞ்சம் வைத்தது அங்கேயே கடைகடையாகக் கிடைக்கும். நான் பின்னுவது வேறு மாதிரி இருக்கட்டுமே என்று பழைய பாரசீகத் தலைநகர் பெர்செபோலிஸின் சிற்பங்களின் படங்களைப் புரட்டினேன். முதலாம் டேரியஸ் தொடங்கி, மகன் செர்க்சஸ் முடித்த அபதானா மண்டபம். அதன் படிக்கட்டுச் சுவரில் பேரரசின் 23 தூதுக்குழுக்கள் காணிக்கையோடு வரிசையாக வருகின்றன. சரித்திரக்காரர்கள் அதில் பேரரசின் விஸ்தீரணத்தைப் பார்ப்பார்கள்; ஊசி பிடித்த கைக்குத் தெரிவதெல்லாம் தலைகள்தாம். சகர்களுக்குக் கூர்முனைத் தொப்பி. மேதியருக்கு வழுவழுப்பாக, உருண்டையாக ஒன்று. பாரசீகப் பிரபுக்களுக்கு உயரமான உருளை, அதில் மேலிருந்து கீழ்வரை மேடும் பள்ளமுமாக வரிகள். மேதியரும் பாரசீகரும் கலந்து நிற்கிற வரிசை எனக்கு மிகவும் பிடிக்கும். ஒருவர் முன்னவர் தோளில் கை வைத்திருக்கிறார், ஒருவர் பின்னால் திரும்பிப் பேசுகிறார், இருவர் கைகோத்திருக்கிறார்கள். கல்யாணப் பந்திக்குக் காத்திருக்கும் சம்பந்திமார்களேதான்.

அந்த மேடும் பள்ளமும் எந்தப் பின்னல்காரிக்கும் பார்த்தவுடன் புரியும். இரண்டு கண்ணி நேராக, இரண்டு கண்ணி மறுபுறமாக என்று சுற்றிச் சுற்றிப் போட்டால் வருகிற ‘ரிப்’ அது. ஸ்வெட்டரின் மணிக்கட்டுப் பட்டியில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். 4 மில்லிமீட்டர் வட்ட ஊசியில் 96 கண்ணி ஏற்றினால் 24 மேடு, 24 பள்ளம்; பெரியவர் தலைக்குப் போதும். சிற்பி உளியால் கொண்டுவந்ததை நூல் தானாகவே கொடுத்துவிடுகிறது. உயரத்தை மட்டும் கொடுப்பதில்லை.

உயரம் அங்கே லேசான விஷயமில்லை. தியாரா என்று கிரேக்கர்கள் எழுதிய தொப்பியை எல்லோரும்தான் போட்டார்கள். ஆனால் அதை நிமிர்த்தி வைத்துக்கொள்ளும் உரிமை அரசர் ஒருவருக்கே என்பது செனோபோன் எழுதியதிலிருந்து தெரிகிறது. மாகாண ஆளுநராக இருந்தாலும் முனை மடிந்து தொங்கத்தான் வேண்டும். கி.மு. 330இல் மூன்றாம் டேரியஸைக் கொன்ற கூட்டத்தின் தலைவன் பெசஸ், தானே அரசன் என்று காட்டிக்கொள்ளச் செய்த காரியங்களில் ஒன்று தியாராவை நிமிர்த்தியது. பொம்பெயி நகரில் 1831இல் கிடைத்த அலெக்சாண்டர் மொசைக்கிலும் இதைப் பார்க்கலாம்: தேர்மேல் நிற்கும் அதே டேரியஸின் மஞ்சள் தொப்பி செங்குத்தாக நிற்கிறது. அலெக்சாண்டரிடம் தோற்று ஓடப்போகிற நேரத்திலும் அது சாயவில்லை.

மடிந்தது ஆகட்டும், நிமிர்ந்தது ஆகட்டும், அந்தத் தொப்பிகளுக்குப் பேர்போன சரக்கு ஃபெல்ட். பாரசீகத்தில் நமத். கம்பளியை உதறிப் பரப்பி, சுடுநீரும் சோப்பும் தெளித்துச் சுருட்டி, காலாலும் முழங்கையாலும் உருட்டி உருட்டி அழுத்துவார்கள். கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. சூட்டிலும் ஈரத்திலும் அசக்க அசக்க அவை ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும், பிறகு பிரியவே பிரியாது. நூற்பு இல்லை, தறி இல்லை, ஊசி இல்லை. ஃபெல்ட் தொப்பியைப் பற்றி ஹெரோடோட்டஸ் ஒரு விநோதக் கதை வைத்திருக்கிறார். கி.மு. 525இல் பாரசீகரும் எகிப்தியரும் போரிட்ட பெலூசியத்தில் கிடந்த மண்டையோடுகளைத் தாம் பார்த்ததாகச் சொல்கிறார். பாரசீக மண்டை கூழாங்கல் பட்டாலே ஓட்டையாகுமாம். எகிப்திய மண்டை கருங்கல்லுக்கும் அசையாதாம். எகிப்தியர் சிறுவயது முதல் தலையை மழித்து வெயிலில் காய்பவர்கள், பாரசீகர் சதா தொப்பிக்குள் இருப்பவர்கள் என்பது அவர் கண்ட காரணம். நான் நம்பவில்லை. ஆனால் நம் வீட்டுப் பாட்டிமார் கேட்டிருந்தால் உடனே நம்பியிருப்பார்கள்.

பின்னியதையும் ஃபெல்ட் ஆக்க முடியும். துனிஸ் நகரின் ஷெஷியா தொப்பி அப்படித்தான் பிறக்கிறது. பெண்கள் வெள்ளைக் கம்பளி நூலில் தொளதொளவென்று பெரிதாகப் பின்னிக் கொடுக்க, அதை சோப்புநீரில் அடித்துச் சுருக்கி, முட்செடியின் காய்ந்த தலையால் மயிர் எழுப்பி, சிவப்புச் சாயம் ஏற்றுவார்கள். கடைசியில் பார்த்தால் அது ஒருகாலத்தில் கண்ணி கண்ணியாக இருந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நானும் அந்த வழியில் போயிருக்கலாம். ஆனால் குல்லா போகிற வீட்டில் எல்லாமே வாஷிங் மெஷினுக்குள் போகும். அதனால் மெஷினில் துவைக்கத் தோதான கம்பளி நூல்தான் வாங்கினேன். அந்த நூலில் செதில்களைக் குளோரினால் மழுக்கியோ மேற்பூச்சுப் பூசியோ வைத்திருப்பார்கள். சுருங்காது, ஆகவே கெட்டிப்படவும் படாது. ரிப் கொஞ்சம் தாங்கும், அவ்வளவுதான். ஒரு சாண் உயரத்துக்குப் பிறகு முனை மடிந்து காதுப்பக்கம் விழுந்துவிட்டது.

“சித்தி, இது நிக்கவே மாட்டேங்குதே” என்றான் வீடியோவில்.

“நிக்கக் கூடாதுடா. நின்னா ராஜத்துரோகம்.”

உச்சியை முடிப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. சுற்றை 12 பங்காகப் பிரித்து, ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று, பங்குக்கு ஒரு கண்ணி குறைத்துக்கொண்டே வந்தால் 96 கண்ணி 12 ஆகும். நூலை அறுத்து அந்தப் பன்னிரண்டையும் கோத்து இழுத்துக் கட்டிவிடலாம். எட்டுப் பங்காகவும் பிரிக்கலாம். எனக்குப் பன்னிரண்டில் ஒரு மோகம். 15ஆம் நூற்றாண்டில் சஃபவி என்ற சூஃபி மரபின் ஷேக் ஹைதர் தம் சீடர்களுக்குக் கொடுத்த சிவப்புத் தொப்பிக்குப் பன்னிரண்டு மடிப்பு, ஷியாக்களின் பன்னிரண்டு இமாம்களுக்காக. கிஸில்பாஷ், அதாவது செந்தலையர் என்ற பேர் அதனால் வந்தது. அவர்கள் பலத்தில்தான் ஹைதரின் மகன் இஸ்மாயில் 1501இல் ஈரானின் ஷா ஆனார். பேரன் தஹ்மாஸ்ப் காலத்து ஷாநாமா காவிய ஓவியங்களில், புராண காலத்து வீரர்கள்கூடத் தலைப்பாகை நடுவே அந்தத் தொப்பியின் கழி போன்ற உச்சியை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பின்னலில் வெறும் வகுத்தல் கணக்காக இருப்பது, அங்கே நீ எந்தக் கட்சி என்பதற்கான பதில்.

தலையைப் பார்த்துக் கட்சி தெரிந்துகொள்ளும் பழக்கம் இருபதாம் நூற்றாண்டிலும் போகவில்லை. ஈரானில் ரெஸா ஷா 1928இல் சட்டமே போட்டார்: ஆண்களுக்கு ஒரே மாதிரி ஐரோப்பிய உடை, முன்னால் விளிம்பு நீட்டிய பஹ்லவி தொப்பி. தொழுகையில் நெற்றி தரையில் படவேண்டும், விளிம்பு இடித்தது. அதற்கும் பழகிக்கொண்டிருந்த மக்களை 1935இல் சுற்றிலும் விளிம்புள்ள ஐரோப்பியத் தொப்பிக்கு மாறச் சொன்னார்கள். அதை எதிர்த்து மஷ்ஹதின் கோஹர்ஷாத் மசூதியில் கூடியவர்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஒரு தொப்பிக்காக மட்டும் கூடிய கூட்டம் அது இல்லை என்றாலும், தொப்பியில்தான் பற்றிக்கொண்டது.

1941இல் ரெஸா ஷா பதவி இழந்ததும், தெற்கே கஷ்காய் இனத்து ஆண்கள் இரண்டு பக்கமும் காதுமடல் தூக்கிய பழுப்பு ஃபெல்ட் தொப்பியைத் தங்கள் அடையாளமாக்கிக்கொண்டார்கள். எனக்கு அடுத்து அதைத்தான் பின்ன வேண்டும். இந்தத் தடவை மெஷின் கம்பளி உதவாது. செதிலோடு உள்ள நூலில், தலைக்குப் பெரிதாக, உயரத்தில் இன்னும் தாராளமாகப் பின்னிக்கொள்ள வேண்டும், சுருங்கும்போது அகலத்தைவிட உயரம்தான் அதிகம் போகும். காது இரண்டும் நின்றாக வேண்டும். அக்கா மகனிடம் கையால்தான் துவைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். கேட்பான் என்று தோன்றவில்லை.