குர்பானி இறைச்சியும் குளிராத பெட்டியும்

 

ஹஜ்ஜுப் பெருநாளின் மறுநாளிலிருந்து திருச்சி பாலக்கரை, தென்னூர்ப் பக்கத்து வீடுகள் பலவற்றில் ஒரே முறையீட்டைக் கேட்கலாம்: "ஃப்ரிட்ஜ் கூலிங் ஆகவில்லை." பால் திரிகிறது, இட்லி மாவு ஒரே இரவில் பொங்கி வழிகிறது. உடனே, "கேஸ் தீர்ந்துவிட்டது" என்று தீர்ப்பும் வழங்கப்பட்டுவிடுகிறது. அடுப்பு கேஸைப் போலத் தீர்ந்துபோகும் பொருளன்று அது. மூடிய குழாய்களுக்குள் மீண்டும் மீண்டும் சுற்றிவருவது. எங்கேனும் கசிவு இருந்தாலன்றி அது குறையாது. கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் கேஸ் மட்டும் நிரப்புவது, ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதற்கு ஒப்பாகும்.

2025ஆம் ஆண்டு ஜூன் 7 அன்று பெருநாள். மூன்றாம் நாள் என் அக்கா வீட்டிலும் இதே முறையீடு எழுந்தது. அங்கே கவலை பாலைப் பற்றியது மட்டுமன்று. அக்காவின் மாமியார் எழுபதைக் கடந்தவர்; இரு வேளையும் இன்சுலின் போட்டுக்கொள்பவர். ஒரு மாதத்திற்கென வாங்கிய குப்பிகள் அந்தப் பெட்டியின் கீழ்த்தட்டில் இருந்தன. இன்சுலின் 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிர்ச்சியில் இருக்க வேண்டும். உறவினர் ஒருவர், "அப்படியானால் ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள்" என்றார். நல்லவேளையாக எவரும் அதைச் செய்யவில்லை. உறைந்த இன்சுலினை மீண்டும் உருக்கிப் பயன்படுத்தக் கூடாது, எறிந்துவிட வேண்டியதுதான்.

மெக்கானிக் திருவரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் கடந்து வந்தார். வடக்கு உத்திர வீதிக்காரர், புலால் உண்ணாதவர். ஃப்ரீசரைத் திறந்து ஒரு நிமிடம் பார்த்தார். "பாய், இந்தப் பைகளை மட்டும் நீங்களே எடுத்து வெளியே வைங்க. பெட்டி மேல ஒரு குத்தமும் இல்லே" என்றார். எடுத்தோம். உள்ளே பின்சுவரில் காற்று வரும் துளைகள் யாவும் இறைச்சிப் பைகளால் அடைபட்டிருந்தன.

இரட்டைக் கதவுப் பெட்டிகளில் குளிர் உண்டாகும் இடம் ஃப்ரீசரின் பின்புறம் ஒன்றுதான். அங்கிருந்து ஒரு சிறு மின்விசிறி குளிர்காற்றைத் தள்ளி, ஒரு குழல்வழியே கீழ்ப்பகுதிக்கு அனுப்புகிறது. வழியை அடைத்தால் மேலே பாறைபோல் உறையும், கீழே வெதுவெதுப்பாகும். சகோதரர்கள் கொடுத்தனுப்பியது, அண்டை வீட்டார் பங்கு, சம்பந்தி வீட்டுப் பங்கு என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்து சேர்ந்தவை அந்தப் பைகள். ஒற்றைக் கதவுப் பெட்டியில் மின்விசிறி இல்லை. குளிர்காற்று தானே கீழிறங்க வேண்டும். அங்கே ஃப்ரீசருக்குக் கீழுள்ள தட்டில் பொருள்களை அடைத்துவைத்தால் இதே நிலைதான்.

இன்னொன்றும் உண்டு. இறைச்சியில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு தண்ணீர். ஒரு லிட்டர் தண்ணீரை 35 டிகிரியிலிருந்து 0 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 146 கிலோஜூல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். அந்த 0 டிகிரித் தண்ணீரைப் பனிக்கட்டியாக்க மட்டும் மேலும் 334 கிலோஜூல்! ஆகவே அறுத்த சூடு முழுதும் ஆறாத பதினைந்து, இருபது கிலோ இறைச்சியை ஒரே நேரத்தில் திணித்தால், கம்ப்ரசர் இரவு பகலாக ஓடியும் ஈடுகொடுக்க முடிவதில்லை. அரைக்கிலோ அளவில் தட்டையான பைகளாக்கி, இடைவெளி விட்டு, சிறிது சிறிதாக வைப்பதே முறை. உருண்டையாகக் கட்டிய பெரிய பையின் நடுப்பகுதி உறைய நெடுநேரமாகும். கெட்டுப்போவதும் அங்கிருந்துதான் தொடங்கும்.

மெக்கானிக்கை அழைக்குமுன் வீட்டிலேயே பார்க்கக்கூடியவை சில. நடுத்தட்டில் ஒரு குவளை நீரில் வெப்பமானியை இட்டு, ஓரிரவு கழித்துப் பாருங்கள். 4 டிகிரி அல்லது அதற்குக் கீழ் காட்ட வேண்டும். ஃப்ரீசருக்கு அளவு மைனஸ் 18. பெட்டிக்குள் இருக்கும் திருகின் எண்கள் டிகிரியைக் குறிப்பவை அல்ல. பெரும்பாலான பெட்டிகளில் எண் கூடினால் குளிர் கூடும். 'குறைத்து வைத்தால்தான் குளிரும்' என்று பலர் நேர்மாறாகத் திருகுகின்றனர். கதவு ரப்பரில் ஒரு தாளைச் செருகி மூடுங்கள். தடையின்றி உருவிக்கொண்டு வந்தால் குளிர் அவ்வழியே கசிகிறது. வெந்நீரும் துணியும் கொண்டு ரப்பரைத் துடைத்தாலே பாதிக்குப் பாதி சரியாகிவிடும். பெட்டிக்கும் சுவருக்கும் இடையே ஒரு சாண் இடம் வேண்டும். பின்புறக் கம்பிச்சுருளில் படிந்த தூசியையும் தட்டிவிடுங்கள். புதிய பெட்டிகள் பலவற்றில் அச்சுருள் பக்கச் சுவருக்குள் இருப்பதால் பக்கங்கள் சுடுவது இயல்பே. அதைப் பழுதெனக் கருதி அஞ்ச வேண்டாம். இவ்வளவுக்குப் பிறகும் குளிரவில்லையெனில் மெக்கானிக்கை அழைக்கலாம்.

ஒட்டிக்கொண்ட கறிப்பையைக் கத்தியால் குத்தி எடுக்கும் வழக்கத்தை மட்டும் இன்றே விட்டுவிடுங்கள். ஒற்றைக் கதவுப் பெட்டியில் ஃப்ரீசரின் சுவரிலேயே கேஸ் ஓடும் குழாய் இருக்கிறது. ஒரு குத்தில் பெட்டியே வீணாகிவிடும். புதிய பெட்டிகளில் உள்ள கேஸ் தீப்பற்றக் கூடியதும்கூட.

இனி மார்க்கத்தின் பக்கம் வருவோம். ஓராண்டு குர்பானி இறைச்சியை மூன்று நாள்களுக்கு மேல் வீட்டில் வைத்திருக்க நபி (ஸல்) அவர்கள் தடை விதித்தார்கள். மறு ஆண்டு தோழர்கள் கேட்டபோது உண்ணவும், பிறருக்கு உண்ணக் கொடுக்கவும், சேமித்து வைக்கவும் அனுமதித்தார்கள். முந்தைய ஆண்டு மக்கள் வறுமையில் இருந்தமையால் அவர்களுக்கு உதவும்பொருட்டே தடுத்ததாகக் காரணமும் கூறினார்கள். ஸலமா பின் அக்வஃ (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரியில் உள்ளது. கிராமப்புறத்து ஏழைகள் மதீனாவுக்கு வந்திருந்ததே அத்தடைக்குக் காரணம் என்னும் ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பு முஸ்லிமில் இடம்பெறுகிறது.

எனவே, ஃப்ரீசரில் வைப்பதே கூடாது என்று மேடைகளில் பேசுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. அனுமதி தெளிவாக இருக்கிறது. ஆனால் அத்தடையின் காரணம் இன்று நம் ஊரில் இல்லையென்று எவரால் சொல்ல முடியும்? காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குவோரின் பிள்ளைகள் எங்கள் மதரசாவில் ஓதுகின்றனர். அவர்கள் வீடுகளுக்கு வரும் பங்கு ஒருவேளைக் குழம்புக்கே சரியாக இருக்கிறது. இறைச்சியை மூன்று பங்காக்கி, ஒன்றை ஏழைகளுக்கும் ஒன்றை உறவினர், நண்பர்களுக்கும் கொடுப்பது சிறந்தது என்பது சட்ட அறிஞர்கள் கூறியது. நம் வழக்கத்தில் இரண்டாம் பங்கு வீடுவீடாகச் சுற்றி, ஏற்கெனவே குர்பானி கொடுத்தவர்களின் ஃப்ரீசருக்கே திரும்பி வந்து சேர்கிறது. அக்கா வீட்டுப் பெட்டியை அடைத்ததும் அதுதான். அன்று மாலையே ஒன்பது பைகள் மதரசா வழியாக வெளியே சென்றன. நான்கு டிகிரிக்கு மேல் இரண்டு மணி நேரத்துக்கு அதிகமாகக் கிடந்த ஒரு பையை மட்டும் புதைத்தோம். கெட்டதை ஏழைக்குக் கொடுப்பது தர்மத்தில் சேராது.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத நாளில் நம் பாட்டிமார் உப்பும் மஞ்சளும் தடவி, கொடியில் கோத்து, உப்புக்கண்டம் போட்டார்கள். அரபுகளும் அவ்வாறே. பெருநாளை அடுத்த மூன்று நாள்களுக்கு அய்யாமுத் தஷ்ரீக் என்ற பெயர் வந்ததற்கு, இறைச்சியைக் கீற்றுகளாக அரிந்து வெயிலில் உலர்த்தியதே காரணம் என்பது அறிஞர்கள் தரும் விளக்கங்களில் ஒன்று. திருச்சி வெயிலுக்கு இரண்டே நாளில் கறி சருகாகிவிடும், மின்கட்டணமும் இல்லை.

இன்சுலின் குப்பிகளைப் பற்றி மருத்துவரிடம் கேட்டோம். ஓரிரு நாள் வெதுவெதுப்பில் இருந்ததால் உடனே கெட்டுவிடாது என்றும், அட்டையில் உள்ள தேதியைப் பாராமல் நான்கு வாரத்துக்குள் பயன்படுத்தி முடிக்குமாறும் கூறினார். மின்தடை நாள்களில் நனையாத பையிலிட்டு, நீர் ஊற்றிய மண்பானைக்குள் வைக்கலாம் என்றார்.

2026ஆம் ஆண்டுப் பெருநாளின் காலம், பிறையைப் பொறுத்து, மே மாத இறுதி, கத்திரி வெயில் முடியும் தறுவாய். 2027ஆம் ஆண்டில் அது இன்னும் முன்னதாக, கத்திரியின் நடுவிலேயே. கதவு ரப்பரையும், யாருக்கு எத்தனை பை என்னும் பட்டியலையும் ஒவ்வொரு பெருநாளுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள், இன்ஷா அல்லாஹ்.