வழியில் என்ன தின்றது?

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் மிளகுப் பண்டகசாலை ஒன்றில் கணக்கெழுதிக்கொண்டிருந்த என் பாட்டனாருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த என் பாட்டி, கொள்ளேகாலில் பட்டுப்புழு வளர்த்த குடும்பத்தில் பிறந்தவள். 1956 நவம்பர் முதல் தேதியன்று, அவள் பிறந்த தாலுகா கோயம்புத்தூர் ஜில்லாவை விட்டு மைசூர் ராஜ்யத்துக்கும், அவள் புகுந்த ஊர் புதிதாய்ப் பிறந்த கேரளத்துக்கும் ஒரே நாளில் போய்ச் சேர்ந்ததை, அவள் சாகும்வரை ஒரு குடும்ப விசேஷத்தைப் போலச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பள்ளிக்கூடத்துப் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்த ஒரு மாலையில், திப்பு சுல்தான் மைசூர் நாட்டுக்குப் பட்டுப்புழுவைக் கொண்டுவந்தார் என்ற வாக்கியம் வந்தபோது, அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "கொண்டாந்தாரு, சரி. வழியிலே அது என்னத்தைத் தின்னுச்சு?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வி அரை நூற்றாண்டு காலம் என் மனத்தில் கிடந்தது. அவளுக்கு அதைக் கேட்க அதிகாரம் உண்டு. கல்யாணமான மறுவருஷம் தாய்வீட்டிலிருந்து திரும்புகையில், பொரிந்து இரண்டு நாளான புழுக்களை ஒரு கூடையில் கொண்டுவந்தாளாம். கூடவே கொண்டுவந்த மல்பெரி இலை மூன்றாம் நாள் வாடிப்போகவே, கொல்லையிலிருந்த முருங்கைக் கொழுந்தைப் பொடிப்பொடியாக நறுக்கித் தூவினாளாம். புழுக்கள் அதன்மேல் ஏறின, தலையை இப்புறமும் அப்புறமும் ஆட்டின, ஒரு கடி கடிக்காமல் இறங்கிப் போயின; இரண்டு நாளில் கறுப்பு நூல் துண்டுகளைப் போல உலர்ந்து கிடந்தன. அடுத்த தடவை முன்ஜாக்கிரதையாக மல்பெரிக் குச்சிகளைக் கொண்டுவந்து கிணற்றடியில் நட்டுத் தழைக்கவிட்டபின் வளர்த்தாள். கொச்சியின் இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டது. ஈரத்தில் புழுக்கள் சுண்ணாம்புக்கட்டி நோய் கண்டு வெள்ளை வெளேரென்று விறைத்துப்போயின. அத்துடன் விட்டுவிட்டாள். செடி மட்டும் கிணற்றடியில் இன்றைக்கும் இருக்கிறது.

திப்புவின் கடிதங்களைக் கர்க்பாட்ரிக் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1811-இல் வெளியிட்டிருக்கிறார். மஸ்கட்டிலிருந்து முட்டைகளையும் வளர்ப்பு தெரிந்த ஆட்களையும் தேடி அனுப்பும்படி ஒரு கடிதம் சொல்கிறது. வங்காளத்துக்குப் புழு வாங்க அனுப்பப்பட்டவர்கள் திரும்பிக்கொண்டிருப்பதாக 1786-ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்று சொல்கிறது. வங்காளத்துப் பாதை எனக்குப் பெரிய விசாரத்தைத் தரவில்லை. நிலத்தின் வழியே வருகிறவன் இலையுள்ள இடத்தில் தங்கலாம். மஸ்கட்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. அரபிக்கடலின் நடுவில் ஏது மல்பெரி?

புழு ஏன் வேறொன்றைத் தின்னாது என்பதை முதலில் தெரிந்துகொள்ள விரும்பினேன். ஜப்பானிய ரசாயன அறிஞர் ஹமாமுரா, மல்பெரி இலையில் புழுவை வாசனையால் அழைக்கும் பொருள்கள் சில, கடிக்கத் தூண்டுபவை சில, விழுங்கச் செய்பவை சில என்று பிரித்துக் காட்டியதைப் படித்தபோது, மல்பெரியின்மேல் அதற்குள்ள ஆசையே அதன் சுபாவம் என்று நினைத்தேன். 2019-இல் சீன ஆராய்ச்சியாளர் வெளியிட்ட ஒரு முடிவு அந்த எண்ணத்தைத் தலைகீழாக்கிவிட்டது. கசப்பை உணரும் ஜீன் ஒன்றை அவர்கள் புழுவின் வம்சத்தில் செயலறச் செய்தார்கள். அந்தப் புழுக்கள் ஆப்பிளையும் பேரிக்காயையும் சோளத்தையும் சோயாவையும் தின்றன! ஆக, முருங்கைக் கொழுந்தின்மேல் தலையை ஆட்டிய புழுவை வேண்டாமென்று தடுத்தது அதன் வாயிலேயே நின்ற ஒரு காவல். பாட்டி இருந்திருந்தால் முதலில் அவளிடம்தான் இதை ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன். அவளுடைய கைக்குற்றம் ஒன்றுமில்லை.

அப்படியானால் முட்டையாகக் கொண்டுவந்திருக்கலாமே என்று தோன்றும். இங்கேதான் பிறவிக் குணம் குறுக்கே நிற்கிறது. குளிர்நாட்டு ஜாதிகள் இடும் முட்டை உறங்கும் முட்டை, மாதக்கணக்கில் கெடாது, ஆனால் ஒரு குளிர்காலத்தைக் கடந்தாலன்றிப் பொரியாது. அமிலத்தில் நனைத்து அதை எழுப்பும் வித்தை பிற்காலத்தது. குளிரற்ற நம் பிரதேசத்துக்கு உகந்தது வருஷத்தில் பல தலைமுறை காணும் மைசூர் ஜாதி போன்ற புழுதான்; அதன் முட்டையோ உறங்காது, பத்துப் பதினோரு நாளில் பொரிந்துவிடும். ஹைதராபாதில் பட்டுப்புழுவின் மரபணுக்களை ஆராய்ந்த ஜே. நாகராஜுவும் அவருடைய கூட்டத்தாரும் ஜாதிகளை மரபுச் சுவடு கொண்டு பிரித்தபோதும், உறங்குவன ஒரு பக்கமும் உறங்காதன ஒரு பக்கமுமாகவே விலகி நின்றன. மஸ்கட்டிலிருந்து கொல்லத்துக்கு மிதமான காற்றில் ஒரு மாதப் பிரயாணம் என்று 851-ஆம் ஆண்டைச் சேர்ந்த அரபு நூல் ஒன்று கணக்குச் சொல்கிறது. திப்புவின் மங்களூர் அதைவிடச் சற்றுக் கிட்டத்தில் இருக்கிறது. முட்டையாக ஏற்றாமல் புதுக்கூடாக ஏற்றினால், கூட்டுக்குள் பத்து நாளும் முட்டையில் பத்து நாளும், ஆக மூன்று வாரம் தீனியில்லாமல் கழியும். ஒரு வாரம் குறைந்தது. அந்த ஒரு வாரத்தைத் தேடி நான் அலைந்ததுபோல வேறெதற்கும் அலைந்ததில்லை.

கொள்ளேகாலில் பாட்டியின் அண்ணன் மகன் இருக்கிறார். எனக்கு மாமா முறை. எண்பதைத் தாண்டிய அவர் மற்றத் தட்டுகளில் கலப்பினம் வளர்த்தாலும், ஒரே ஒரு தட்டில் பழைய மைசூர்ப் புழுவைத் தம் ஆசைக்காக வளர்க்கிறார். பாட்டி பெருமையாகச் சொல்லும் "நாலு ஜுரம்" என்ற சொல்லைப் பற்றிக்கொண்டு அவரிடம் போனேன். புழு தோலுரிப்பதைத்தான் அந்தப் பக்கத்தில் ஜுரம் என்கிறார்கள். ஜுரம் மூன்றா, நாலா, ஐந்தா என்பதை ஆறாவது குரோமோசோமில் ஓர் இடம் நிர்ணயிக்கிறது. மூன்று நாலை அடக்கும், நாலு ஐந்தை அடக்கும். ஜுரம் குறைந்த புழு சிறுத்து, சீக்கிரம் முடியும். மஸ்கட்டுப் புழு மூன்று ஜுரக்காரியாய் இருந்திருந்தால் அதன் அடையாளம் எங்கேனும் மிஞ்சியிருக்குமல்லவா என்பது என் உத்தேசம்.

"மூணு ஜுரப் புழுவை எங்கப்பாவும் பாத்ததில்லே, நானும் பாத்ததில்லே" என்றார் மாமா. வங்காளத்து நிஸ்தாரி ஜாதிப் புழுவுக்கும் நாலுதான். அந்த வழி அங்கேயே அடைத்துக்கொண்டது. நான் மேலும் கேட்க வாயெடுத்தேன். அவர் உதட்டில் விரலை வைத்தார். தட்டில் புழுக்கள் ஜுரத்தில் இருந்தன: முன்னுடலைத் தூக்கி, தோல் பளபளக்க, தலைக்குமேல் கறுப்பாக ஒரு சிறு முக்கோணம் தெரிய, பிரார்த்தனையில் நிற்பவைபோல அசையாதிருந்தன. ஜுரக்காரர் இருக்கும் வீட்டில் பேசக்கூடாது என்பது அவருடைய விதி. அன்று முழுதும் பேசவில்லை. மறுநாளும் புழுக்கள் தோலைக் கழற்றி இலைக்கு வாய் வைத்த பிறகுதான் திண்ணைக்கு வந்தார்.

ஒரு வாரக் குறையைச் சொன்னேன். அவர் சிறிதும் யோசிக்கவில்லை.

"மாப்பிள்ளே, நீ பழுக்கப்போற புழுவை நெனச்சுக்கிட்டுப் பேசறே. சாக்கிப் புழு எம்புட்டுத் தின்னும்? தொட்டியிலே ஒரு செடி வெச்சு ஏத்தினா ஆச்சு."

பழுப்பது என்றால் கூடு கட்டத் தயாராவது; சாக்கி என்றால் முதலிரண்டு பருவத்து இளம்புழு. நான் படித்திருந்த கணக்குகள் அத்தனையும் அந்த வார்த்தைக்குள் ஒடுங்கின. உயர்ந்த ஜாதிப் புழு பொரிந்த நாளிலிருந்து ஏறக்குறைய 10,000 மடங்கு எடை கூடுகிறது. ஆனால் வாழ்நாள் ஆகாரத்தில் ஐந்தில் நாலு பங்குக்குமேல் கடைசி ஜுரத்துக்குப் பிறகே தின்கிறது. அந்தக் கடைசி நாள்களில்தான் வளர்ப்பு மனையில் மழை பெய்வதுபோலத் தின்னும் சத்தம் கேட்கும். ஒரு தாயின் முட்டை நானூறும் பொரிந்தாலும், முதலிரண்டு பருவங்களுக்கு நூறு கிராம் இலை மிகுதி.

மூன்று மாதம் முன்னதாகவே பாட்டியின் செடியிலிருந்து மூன்று குச்சிகளை வெட்டி, ஒரு மண்தொட்டியில் வேர்விடச் செய்துகொண்டேன். பிறகு மாமாவின் சந்திரிகையிலிருந்து, அதாவது புழுக்கள் கூடு கட்டும் மூங்கில் தட்டியிலிருந்து, நூல் கட்டி இரண்டு நாளேயான மஞ்சள் கூடுகள் பத்தை மூங்கில் பெட்டியில் வைத்து மட்டாஞ்சேரிக்குக் கொண்டுவந்தேன். இந்தச் சோதனை, புழு மஸ்கட்டிலிருந்துதான் வந்தது என்பதற்குப் பிரமாணம் ஆகாது. வந்திருக்கக் கூடுமா என்ற ஒன்றைத்தான் நான் கேட்டேன். தொட்டியைத் தவிர வேறெங்கிருந்தும் ஓர் இலைகூடப் பறிப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

பதினோராம் நாள் விடியலில் அந்துப்பூச்சிகள் வெளிவந்தன. மாலையில் ஒன்று காகிதத்தின்மேல் வெளிறிய மஞ்சளாய் முட்டைகளை வரிசை வரிசையாக இட்டது. அந்தக் காகிதத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். இருபதாம் நாள் ஒவ்வொரு முட்டையிலும் ஒரு கரும்புள்ளி. மறுநாள் எல்லாம் நீலம் பாரித்தன. இருபத்திரண்டாம் நாள் காலையில், ஜன்னல் வெளிச்சம் காகிதத்தில் விழுந்ததும், மயிரிழைபோன்ற கறுப்புப் புழுக்கள் நெளிந்து வந்தன. கொழுந்தைப் பொடியாக நறுக்கித் தூவினேன். தலையை ஆட்டின; பிறகு கடித்தன. இருபத்தைந்தாம் நாள் மாலை முதல் ஜுரம். முப்பதாம் நாள் காலையில் தட்டைத் திறந்தபோது, இரண்டாம் ஜுரத்தில் நானூறு தலைகளும் மேலே தூக்கி நின்றன. தொட்டியில் இன்னும் பதினேழு இலை மிச்சம் இருந்தது.