கனமான ஜாடி, லேசான டப்பா

மன்னார்குடி வீட்டைக் காலி செய்துவிட்டு, தாம்பரத்தில் இருக்கும் மகன் வீட்டுக்குக் குடிவந்தபோது அந்த அம்மாள் தன்னோடு கொண்டு வந்தவை குறைவு. இரண்டு பெட்டி துணி, ஒரு குத்துவிளக்கு, ஒரு பீங்கான் ஜாடி. ஜாடிக்குள் நான்கு வருஷத்து உப்பு நார்த்தங்காய்.

நார்த்தங்காயைச் சுருள் சுருளாக நறுக்கி, இடுக்குகளில் கல்லுப்பை அடைத்து, ஜாடியில் போட்டு தினமும் குலுக்கிவிடுவார். சில நாட்களில் தண்ணீர் விட்டுக்கொள்ளும். அப்புறம் பகலெல்லாம் வெயில், ராத்திரி மறுபடியும் அதே உப்புத் தண்ணீர். தண்ணீர் முழுவதையும் காய் இழுத்துக்கொண்டதும், ஜாடி வாயில் வெள்ளைத் துணியால் வேடு கட்டி வைத்துவிடுவார். முதல் வருஷம் மஞ்சளாக இருப்பது, போகப் போகப் பழுப்பாகி, பிறகு கறுத்துவிடும். கறுக்கக் கறுக்கத்தான் கசப்பு அடங்கும். காய்ச்சலில் செத்துப்போன நாக்குக்கும், ராத்திரி மோர்சாதத்துக்கும் அந்த வீட்டில் அதுதான் துணை.

சிக்கல் கையில் வந்தது. விரல் மூட்டுகள் வீங்கிப்போய், தோசைக்கரண்டியைப் பிடிப்பதே பெரும்பாடாகிவிட்டது. ஆனாலும் மாதம் ஒருமுறை ஜாடியைத் தூக்கிக்கொண்டு பால்கனி வெயிலுக்குப் போவதை அவர் விடவில்லை. ஒருநாள் நடுக்கூடத்தில் கை நழுவி, வயிற்றோடு அணைத்துப் பிடித்ததால் தப்பியது. அதை மருமகள் பார்த்துவிட்டாள்.

அந்த வாரமே கைப்பிடி வைத்த பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒன்றை வாங்கி வந்தாள். "அத்தை, இதுல மாத்திடலாம். ஒத்தைக் கையால எடுத்துடலாம். விழுந்தாலும் உடையாது, உங்க கால்லயும் குத்தாது."

"பிளாஸ்டிக்ல நார்த்தங்காயா? ஆகாதும்மா."

"ஏன் ஆகாது?"

அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அவருடைய மாமியார் சொன்னது 'ஆகாது' என்பது மட்டும்தான். மருமகளுக்கு அது வீண் பிடிவாதமாகப் பட்டது. மாமியாருக்கோ, தன் கை போனதும் தன் ஜாடியும் போகிறது என்று பட்டது. இரண்டு நாள் அந்த வீட்டில் பேச்சு குறைந்தது.

காரணம் கடைசியில் பாத்திரம் கழுவும் தொட்டியில் கிடைத்தது. பேரனின் டிபன் டப்பாவில் மதியத்துக்கு எலுமிச்சை ஊறுகாய் வைத்திருந்தார்கள். மூன்று தடவை சோப்புப் போட்டுத் தேய்த்தும் வாசனை போகவில்லை, மஞ்சள் கறையும் போகவில்லை. மாமியார் அதை மருமகளின் மூக்கருகே நீட்டினார். "ஒரு பொழுதுக்கே இவ்வளவு குடிச்சிருக்கு. நாலு வருஷம் வெச்சா?"

அந்தக் கேள்விக்குள் நியாயம் இருக்கிறது. பிளாஸ்டிக் வெளியே வழவழவென்று இருந்தாலும் எண்ணெயையும் வாசனையையும் உள்ளே இழுக்கும். எலுமிச்சை, நாரத்தை, ஆரஞ்சுத் தோல்களில் லிமோனின் என்ற வாசனை எண்ணெய் இருக்கிறது. அது தெர்மகோலையே கரைத்துவிடும். ஊதிய பலூன் மேல் ஆரஞ்சுத் தோலைப் பிழிந்தால் பலூன் வெடிப்பதும் இதனால்தான். எல்லா பிளாஸ்டிக்கும் தெர்மகோல் போலக் கரையாது. ஆனால், காயின் மணம் டப்பாவுக்குள் போகும். டப்பாவில் இருப்பது காய்க்கு வரும். புளிப்பு, எண்ணெய், வெயில், நாட்கள் எல்லாம் சேரச் சேர இந்தக் கொடுக்கல் வாங்கல் கூடும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விதிகள், பிளாஸ்டிக்கிலிருந்து ஒரு கிலோ உணவில் 60 மில்லிகிராமுக்கு மேல் கலக்கக் கூடாது என்று அளவு வைத்திருப்பதும் இதற்காகத்தான்.

வெளிநாடுகளில் வீட்டில் ஒயினும் தேன் மதுவும் போடுகிறவர்களும் இதே முடிவுக்குத்தான் வந்திருக்கிறார்கள். நுரைத்துப் பொங்கும் முதல் ஓரிரு வாரம் பிளாஸ்டிக் வாளி. மாதக்கணக்கில் பழக வைக்க வேண்டுமென்றால் கண்ணாடிக் குடுவை. அவர்கள் பயப்படுவது பிளாஸ்டிக் வழியாக மெல்லக் கசியும் காற்றுக்கு. காரணம் வேறு, தீர்ப்பு ஒன்று: பிளாஸ்டிக் சில நாளைக்கு, கண்ணாடி வருஷத்துக்கு.

பீங்கான் என்றாலே பத்திரம் என்றும் சொல்ல முடியாது. பளபளப்புப் பூச்சு விரிந்த, உதிர்ந்த ஜாடியில் புளிப்பை வைக்கக் கூடாது. சில பூச்சுகளில் ஈயம் இருக்கும். பிளாஸ்டிக்தான் கதி என்றால், கண்ணாடிக் கோப்பையும் முட்கரண்டியும் பொறித்த, முக்கோணத்துக்குள் 2 அல்லது 5 என்று எண் போட்ட புது டப்பாவாக இருக்கட்டும். காலி ஐஸ்கிரீம் டப்பாவும் தண்ணீர் பாட்டிலும் வேண்டாம்.

டிபன் டப்பாவை முகர்ந்து பார்த்த மருமகள் சிரித்துவிட்டாள். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. "சரி அத்தை, பிளாஸ்டிக் வேணாம். அந்த ஜாடியை நீங்க தூக்கவும் வேணாம்."

மாமியாருக்கு அப்போதுதான் விளங்கியது. அவள் குறிவைத்தது ஜாடியை அல்ல, ஜாடியின் கனத்தை.

மறுநாள் அகல வாய்க் கண்ணாடி பாட்டில்கள் ஆறு வந்தன. ஒவ்வொன்றும் ஒரு கையில் அடங்குகிற அளவு. உப்புக்குத் துருப்பிடிக்கும் என்பதால் தகர மூடிகளை எடுத்துவிட்டு, பழைய வேட்டித் துணியைக் கிழித்து வேடு கட்டினார்கள். கட்டியது மருமகள், முடிச்சு சரியில்லை என்று சொன்னது மாமியார். ஜாடி சமையலறை மூலையில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டது. இனி புதுக் காய் போட மட்டும் அது. குலுக்கும் வேலை மகனுக்கு.

பிளாஸ்டிக் டப்பாவில் துவரம்பருப்பு இருக்கிறது.

போன மாதம் கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குக் கிளம்பிய பேத்திக்கு, நாலு வருஷத்து நார்த்தங்காயில் எட்டுத் துண்டு எடுத்துக் கொடுத்தார் பாட்டி. ஒரு குட்டி பிளாஸ்டிக் டப்பாவில்.

"இப்ப மட்டும் பிளாஸ்டிக் ஆகுமா பாட்டி?" என்றாள் பேத்தி.

"உங்கிட்ட இது பத்து நாள் தாங்குமாடி?" என்றார் பாட்டி.