இரண்டாம் தரம்

'தரம்' என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. 'நல்ல தரம், மட்டமான தரம்' என்று ஒரு பொருளின் மதிப்பைச் சொல்வது ஒன்று. 'உனக்கு எத்தனை தரம் சொல்வது?' என்று தடவையைக் குறிப்பது மற்றொன்று. அகராதியில் இரண்டும் அடுத்தடுத்து நின்றாலும் ஒன்றுக்கொன்று உறவு கொண்டாடுவதில்லை. ஆனால் ஒரு மனிதன் இரண்டாம் தரம் குற்றம் செய்து அகப்பட்டுக்கொண்டால், உலகம் இந்த இரண்டு பொருளையும் ஒன்றாக முடிந்துவிடுகிறது. இரண்டாம் தரம் செய்தவன். ஆகவே இரண்டாம் தரமானவன். அதற்கு மேல் விசாரணை இல்லை.

திருப்பூருக்குப் போகிறவர்களுக்குக் காதர்பேட்டையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பின்னல் இயந்திரத்தில் ஓர் ஊசி பழுதாகிக் கண்ணி விட்டுப்போன பனியன், சாயம் ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் குறைந்த சட்டை, கழுத்துப் பட்டி கோணிப்போன குழந்தை உடுப்பு எல்லாம் அங்கே வந்து சேருகின்றன. கம்பெனியில் செக்கிங் மேசையில் உட்கார்ந்திருக்கும் பெண் ஒரு கணத்தில் அதை ஒதுக்கிவிடுகிறாள். 'செகண்ட்ஸ்' என்று அதற்குப் பெயர். ஆனால் ஒதுக்கப்பட்ட துணியை யாரும் நெருப்பில் போடுவதில்லை. அதற்கென்று ஒரு விலை உண்டு. அதை வாங்க வெளியூரிலிருந்து வியாபாரிகள் வருகிறார்கள். ஏதோ ஓர் ஊரில் ஒரு குழந்தை அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறது. குறையுள்ள துணிக்கு ஒரு பேட்டையே வைத்திருக்கிற ஊரில், குறையுள்ள மனிதனுக்கு என்ன இடம்? இந்தக் கேள்வியை எனக்குள் கிளப்பிவிட்டவர் அந்த ஊரில் பனியன் கம்பெனி நடத்தும் ஒரு நண்பர்.

அவரிடம் ஒரு பையன் வேலை கேட்டு வந்திருந்தான். வயது இருபத்திரண்டு. தாராபுரத்துப் பக்கத்துக் கிராமம். பத்தொன்பதாம் வயதில் வேறொரு கம்பெனியின் கிடங்கிலிருந்து, சிநேகிதன் ஒருவனோடு சேர்ந்து ஒரு மூட்டை நூலைக் கடத்தி விற்றுவிட்டான். வக்கீல் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொன்னார், ஒப்புக்கொண்டான், ஆறு மாதம். வ. உ. சிதம்பரனார் செக்கிழுத்த அதே கோவைச் சிறை. உள்ளே தறியில் வேலை கொடுத்தார்கள். வெளியே வந்ததும் அந்தத் தொழிலை நம்பிப் பல்லடத்துப் பக்கம் விசைத்தறிக் கூடங்களுக்குப் போனான். 'தறி ஓட்டத் தெரியுமா?' என்று கேட்டார்கள். தெரியும் என்றான். 'எங்கே கத்துக்கிட்டே?' என்று கேட்டார்கள். அந்த இடத்தில் பேச்சு நின்றுவிட்டது. பதினேழாம் நாள் பஸ்ஸில் ஒருவருடைய செல்போனைத் திருடி அகப்பட்டான். இந்தத் தடவை ஓராண்டு.

"ஏனுங்க, நீங்க கதை எழுதறவரு. மனுசன் திருந்துவானா மாட்டானான்னு உங்களுக்குத்தானே தெரியணும்?" என்றார் நண்பர்.

"கதையில் திருத்திவிடலாம், அங்கே பேனா என் கையில் இருக்கிறது. உங்கள் கிடங்குச் சாவி என் கையில் இல்லையே!" என்றேன்.

அவர் சிரித்தார், ஆனால் கேள்வி போகவில்லை. ஆகவே சட்டம் இதற்கு என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன்.

நம் நாட்டில் 1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு ஒரு கடுமையான பிரிவு. மூன்றாண்டோ அதற்கு மேலோ சிறை விதிக்கத்தக்க திருட்டு முதலிய குற்றத்துக்கு ஒருமுறை தண்டிக்கப்பட்டவன், அத்தகைய குற்றத்தை மறுபடியும் செய்தால், பத்தாண்டு வரையிலோ ஆயுள் முழுவதுமோ சிறையிலிடலாம் என்றது அது. 2024 ஜூலை 1-ஆம் தேதி நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 13-ஆம் பிரிவாக அது உட்கார்ந்திருக்கிறது. புதிய சட்டம் திருட்டைப் பற்றி வேறு இரண்டு செய்திகளையும் சொல்கிறது. முதல் தரம் திருடியவன், திருடிய பொருள் 5,000 ரூபாய்க்குக் குறைந்ததாக இருந்து, அதைத் திருப்பியும் கொடுத்துவிட்டால், சிறை வேண்டாம், சமூக சேவை போதும் என்கிறது. இரண்டாம் தரம் என்றால் ஓராண்டுக்குக் குறையாமல் ஐந்தாண்டு வரை கடுங்காவல் என்கிறது. நல்ல எண்ணந்தான். ஆனால் திருப்பூரில் ஒரு மூட்டை நூலே 5,000 ரூபாயைத் தாண்டிவிடும். இரண்டு டஜன் பனியன் திருடியவனுக்குக் கிடைக்கும் சலுகை, நூல் மூட்டை திருடியவனுக்குக் கிடைக்காது.

ஓராண்டுக்கும் ஆயுளுக்கும் நடுவே எத்தனை பெரிய மைதானம்! அதில் எந்த இடத்தில் கம்பு நடுவது என்பது நீதிபதியின் பொறுப்பு. அதற்கு வழிகாட்டும் அட்டவணை எதுவும் நம் நாட்டில் இல்லை. 2003-இல் மளிமத் குழு ஒரு நெறிமுறை வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2013-இல் உச்ச நீதிமன்றம் அப்படி ஒன்று இல்லையே என்று ஒரு தீர்ப்பில் குறைப்பட்டுக்கொண்டது. 2024-இலும் அரசாங்கத்துக்கு அதை நினைவூட்டியது.

அமெரிக்காவில் மத்திய நீதிமன்றங்களுக்கு அப்படியொரு அட்டவணை இருக்கிறது. 1984-இல் சட்டம் இயற்றி, 1987 நவம்பர் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். பஞ்சாங்கத்தைப் போலக் கட்டம் கட்டமாக இருக்கும். மேலிருந்து கீழே குற்றத்தின் கடுமைக்கு 43 படிகள். இடமிருந்து வலமாகக் குற்றவாளியின் பழைய வரலாற்றுக்கு 6 பத்திகள். ஆக 258 கட்டங்கள். முன்பு 13 மாதத்துக்கு மேற்பட்ட தண்டனை பெற்றிருந்தால் அதற்கு 3 புள்ளி. 60 நாளாவது பெற்றிருந்தால் 2 புள்ளி. அதற்கும் குறைந்ததற்கு 1 புள்ளி. புள்ளிகளைக் கூட்டினால் பத்தி தெரியும். பத்தியும் படியும் சேரும் கட்டத்தில் இத்தனை மாதம் முதல் இத்தனை மாதம் வரை என்று போட்டிருக்கும். முதலில் நீதிபதிகள் இதற்குக் கட்டுப்பட்டேயாக வேண்டும் என்றிருந்தது. 2005-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இது ஆலோசனைதான், கட்டளையல்ல என்று ஆக்கிவிட்டது.

தண்டித்து அனுப்பியதோடு அவர்கள் நிற்கவில்லை. வெளியே வந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று பின்தொடர்ந்து பார்த்தார்கள். 2005-இல் விடுதலையாகியோ நன்னடத்தைக் கண்காணிப்பிலோ சமூகத்துக்குள் வந்த 25,431 பேரை எட்டு ஆண்டுகள் கவனித்து, தண்டனை ஆணையம் 2016-இல் அறிக்கை வெளியிட்டது. அவர்களில் 49.3 சதவீதம் பேர் மறுபடியும் கைதானார்கள். முதல் பத்தியில் இருந்தவர்களில் 33.8 சதவீதம், ஆறாவது பத்தியில் இருந்தவர்களில் 80.1 சதவீதம். ஆக, பழைய வரலாறு பொய் சொல்லவில்லை. முன்பு விழுந்தவன் மறுபடி விழக்கூடும் என்று பயப்படுகிறவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆனால் அதே ஆணையம் அதே மனிதர்களை வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்து 2017-இல் வேறோர் அறிக்கை தந்தது. வெளியே வந்தபோது 21 வயதுக்குக் கீழே இருந்தவர்களில் 67.6 சதவீதம் பேர் மறுபடி கைதானார்கள். 65-ஐத் தாண்டியவர்களில் 13.4 சதவீதம் பேர்தான். மற்றோர் ஆய்வில், எத்தனை நாள் உள்ளே இருந்தார்கள் என்பதைப் பொறுத்துப் பார்த்தார்கள். ஐந்தாண்டுக்கு மேல், அதிலும் பத்தாண்டுக்கு மேல் இருந்தவர்களிடம் மறுகுற்றம் ஓரளவு குறைந்திருந்தது. ஐந்தாண்டும் அதற்குக் குறைவுமான சிறைவாசத்திலோ, நாளைக் கூட்டியதனால் குறிப்பிடத்தக்க பலன் எதுவும் தென்படவில்லை.

அமெரிக்கா அமெரிக்காதான், திருப்பூர் திருப்பூர்தான். அந்த ஊர்க் கணக்கை அப்படியே எடுத்து நம் ஊருக்கு ஒட்டவைக்கக் கூடாது. ஆனாலும் நம் சட்டம் இரண்டாம் திருட்டுக்குச் சொல்லும் ஒன்று முதல் ஐந்தாண்டு என்பது, சரியாக அந்தப் பலனற்ற பகுதியில்தான் விழுகிறது. அதிலிருந்து எனக்கு ஒன்று புரிந்தது. பழைய வரலாறு, யார் விழக்கூடும் என்பதைச் சொல்லும். எது அவனைத் தாங்கும் என்பதைச் சொல்லாது. இருபதுக்கும் முப்பதுக்கும் இடையே உள்ள அந்தப் பத்தாண்டை ஒரு பையனைக் கைப்பிடித்துத் தாண்ட வைத்துவிட்டால், பாதி வேலையை வயதே பார்த்துக்கொள்ளும். ஆனால் அந்தக் கையைக் கொடுப்பது யார்?

நண்பரின் கம்பெனியில் இதைப் பற்றி ஒரு பஞ்சாயத்தே நடந்தது. ஓவர்லாக் தைக்கும் ஓர் அம்மாள் எழுந்து, "தீபாவளி போனசை வாங்கிப் பையில வெச்சுட்டுத் தைக்க உக்காந்தா, எங்க மனசு தையல்ல இருக்குமுங்களா, பையில இருக்குமுங்களா?" என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம். கருணை காட்டுவதென்று முதலாளி முடிவு செய்தால், அதற்கு உரிய ஆபத்தைச் சுமப்பவள் அவள்தான். தண்டனையைப் பற்றிப் பெரிய பெரிய வார்த்தைகளில் எழுதுகிறவர்கள் அந்த அம்மாளின் கைப்பையை மறந்துவிடக் கூடாது.

அவளுக்குப் பதில் சொன்னவர் கட்டிங் மாஸ்டர். "அவன் என்ற மேசைல கைமடியா நிக்கட்டுமுங்க. எது கொறைஞ்சாலும் என்ற கூலில புடிச்சுக்குங்க" என்றார். சட்டப் புத்தகம் எதுவும் படித்தவரல்லர். அவரும் ஒரு காலத்தில் கையில் காசில்லாமல் இந்த ஊருக்கு வந்து, கைமடியாக நின்று, பிறகு கத்தரி பிடித்தவர். திருப்பூர் அப்படி வளர்ந்த ஊர். தொழிலாளராகத் தொடங்கி முதலாளியானவர்கள் இங்கே எத்தனை பேர் என்பதை ஷாரத் சாரி என்ற ஆய்வாளர் 2004-இல் ஒரு நூலாகவே எழுதியிருக்கிறார். 'நீ யார், எங்கிருந்து வந்தாய்?' என்று அதிகம் கேட்காமல், 'இன்று எத்தனை பீஸ் தைத்தாய்?' என்று கேட்கும் ஊர் இது. அந்தக் கேள்வியில் எத்தனையோ கொடுமை உண்டு. ஆனால் ஒரு தாராளமும் உண்டு.

பையன் சேர்ந்தான். அதனால் எல்லாம் சுபம் என்று எழுத நான் தயாரில்லை. அக்கம்பக்கத்தில் ஒரு பூட்டு உடைந்தாலும் போலீஸார் முதலில் அவனைத் தேடி வருகிறார்கள். 'கேடி' என்கிறோமே, அது தமிழ்ச் சொல்லே அல்ல. தெரிந்த கொள்ளைக்காரன் என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் இரண்டு முதலெழுத்துகள், பழைய போலீஸ் பதிவேட்டிலிருந்து நம் நாவுக்கு வந்தவை. பதிவேட்டில் ஏறிய எழுத்து எளிதில் இறங்குவதில்லை. ஒரு பொங்கலுக்கு முன் இரண்டு நாள் விசாரணைக்குப் போய் வந்தான். இரண்டு நாள் ஷிப்ட் போயிற்று. இரண்டாம் நாள் மாஸ்டரும் கூடப் போனார். அவருடைய ஷிப்டும் போயிற்று. சனிக்கிழமைச் சம்பளத்தில் இருவருக்கும் குறைந்தது. மூன்றாம் நாள் இருவரும் மேசைக்கு வந்துவிட்டார்கள். இன்று வரையில் அவன் அங்கே இருக்கிறான். நாளை எப்படியோ, அதற்கு யார் உத்தரவாதம் தர முடியும்?

இதில் எனக்கு உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. அந்த மாஸ்டர் மூன்றாண்டு தாமதமாக வந்தார். 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. அதற்கு இருபதாண்டுக்கு முன்பே சென்னை மாகாணம் தனக்கென ஒரு நன்னடத்தைச் சட்டம் செய்துகொண்டது. 21 வயது நிரம்பாதவனைச் சிறைக்கு அனுப்பினால், ஏன் வேறு வழி இல்லை என்று நீதிபதி காரணம் எழுத வேண்டும் என்கிறது 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு. நன்னடத்தைப் பிணையில் அனுப்பலாம் என்கிறது 4-ஆம் பிரிவு. அப்படி விடப்பட்டவனுக்கு அந்தத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு இல்லை என்கிறது 12-ஆம் பிரிவு. ஆனால் 4-ஆம் பிரிவில் ஒரு நிபந்தனை இருக்கிறது: குற்றவாளிக்கோ அவனுக்குப் பிணை நிற்பவருக்கோ அந்த நீதிமன்ற எல்லைக்குள், அல்லது பிணைக் காலத்தில் அவன் வாழப்போகும் இடத்தில், நிலையான இருப்பிடமோ ஒழுங்கான தொழிலோ இருக்க வேண்டும்.

லைன் வீட்டில் நாலு பேரோடு பாய் விரித்துப் படுக்கும் வெளியூர்ப் பையனுக்கு நிலையான இருப்பிடம் ஏது? திருடிய அன்றே தொழிலும் போய்விட்டது. மீதி இருப்பது 'பிணை நிற்பவர்' என்ற ஒரு சொல்தான். அந்தச் சொல்லுக்கு உரியவராக அன்று நீதிமன்றத்தில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. எழுந்திருந்தால், சிறையைத் தவிர இன்னொரு வழியை எண்ணிப் பார்க்க நீதிபதிக்குச் சட்டமே இடம் கொடுத்திருக்கும்.

தண்டனைக்கு அட்டவணை வேண்டுமா, வேண்டாமா என்பதைப் பெரியவர்கள் யோசிக்கட்டும். ஒரே குற்றத்துக்கு ஓர் ஊரில் ஒரு மாதமும் இன்னோர் ஊரில் ஓராண்டும் கிடைப்பது அழகல்ல. ஆகவே ஏதோ ஓர் ஒழுங்கு வேண்டியதுதான். ஆனால் 258 கட்டம் போட்டாலும், 'இவனைத் தன் மேசையில் நிறுத்திக்கொள்ள யாராவது இருக்கிறார்களா?' என்று கேட்கும் கட்டம் அதில் இருக்காது. அதை நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். திருப்பூரில் ஆயிரக்கணக்கான கம்பெனிகள் இருக்கின்றன. கம்பெனிக்கு ஒரு மாஸ்டராவது இருக்கிறார். முதல் தரம் தவறிய பையன் கூண்டில் நிற்கும் அன்றே அவர்களில் சிலர் முன்வந்து நிற்பதானால், இரண்டாம் தரம் என்ற பேச்சே பலருக்கு எழாமல் போகலாம். அதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. ஒரு நாள் ஷிப்டை இழக்கத் துணிந்தால் போதும்.