கடம்பூர் மாளிகையும் உடையார்குடி கல்லும்

பொன்னியின் செல்வனைப் பத்தி இன்னொரு பதிவா என்று நீங்கள் மவுஸை மேலே நகர்த்துவது இங்கேயே தெரிகிறது. ஒரு நிமிஷம் பொறுங்க மக்களே. நான் வடக்குத்துக்காரன். எங்கே இருக்குன்னு கேட்டால் பண்ருட்டிக்கும் வடலூருக்கும் நடுவுல, நெய்வேலி டவுன்ஷிப்புக்குப் பக்கத்துல என்று சொல்லிப் பழக்கம். இந்த நாவல் விஷயத்தில் எங்க ஊருக்குக் கொஞ்சம் கூடுதல் உரிமை உண்டு.

வந்தியத்தேவன் ஆடிப்பெருக்கு அன்னிக்குக் குதிரையில் வந்து வாயைப் பிளந்து பார்த்தானே வீராணம் ஏரி, அந்தத் தண்ணி எங்க ஊருக்கு வந்து சுத்தமாகித்தான் சென்னைக்குப் போகுது. 2004-ல் ஓட ஆரம்பித்த புதிய வீராணம் திட்டம். சேத்தியாத்தோப்பிலிருந்து 20 கிலோமீட்டர் பம்ப் பண்ணி வடக்குத்து சுத்திகரிப்பு நிலையத்துக்கு. நாளைக்கு 18 கோடி லிட்டர் சுத்தம் செய்யும் அளவுக்குக் கட்டினது. இங்கிருந்து காடாம்புலியூர் மேடு வரைக்கும் ஏத்தி விட்டால், அப்புறம் பம்ப்பே இல்லாமல் சரிவிலேயே போரூர் போய்ச் சேரும். போரூர்ல உக்காந்துக்கிட்டு "முதல் பாகம் ரொம்ப இழுவை பாஸ்" என்று சொல்கிறவர்கள் குடிக்கிற டம்ளரிலேயே முதல் அத்தியாயம் இருக்கு. :-)

2022 செப்டம்பர் 30-ல் மணிரத்னத்தின் முதல் படம் வந்தப்போ எங்க டீம்ல பாதிப் பேர் திடீர்னு நாவலைத் தேடினாங்க. கல்கி எழுத்துகள் 1999-லேயே நாட்டுடைமை ஆயிடுச்சு, அதனால புத்தகத்துக்குப் பஞ்சமில்லை. லஞ்ச் டைம்ல டெட்லைனை விட நந்தினி பத்தித்தான் அதிகம் பேசினோம். ஒருத்தருக்கு நந்தினி தெய்வம். இன்னொருத்தருக்கு "அந்தப் பொம்பளை இல்லன்னா சோழநாடு நல்லாருந்திருக்கும்". அவள் கல்கி உருவாக்கின பாத்திரம், எந்தக் கல்வெட்டுலயும் கிடையாதுன்னு நான் சொன்னதுக்கு ரெண்டு பேருமே என் மேல கோவிச்சுக்கிட்டாங்க.

ஆனா எல்லாரும் ஒரே குரல்ல திட்டினது அஞ்சாம் பாகத்தைத்தான். இது புதுசு இல்லை. 1950 அக்டோபர்ல தொடங்கி 1954 வரைக்கும் வாரா வாரம் படிச்ச ஜனங்களே முடிவு போதலைன்னு கேட்டிருக்காங்க. கல்கி முடிவுரையில் அவங்க கேள்விகளையெல்லாம் எடுத்துப் போட்டு சமாதானம் சொல்ல வேண்டி வந்தது. அதே வருஷம் டிசம்பர்ல அவர் போயிட்டார். விட்ட இடத்திலிருந்து விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதினார், அது தனிக் கதை.

எனக்கு இழுவை ஒரு பிரச்சினையே இல்லை. வாராந்திரத் தொடர்னா அப்படித்தான் இருக்கும். என் பிரச்சினை கொலை. கடம்பூர் மாளிகையில் ஆதித்த கரிகாலன் சாகிறான். விளக்கு அணைகிறது. நந்தினி, ரவிதாஸன், வந்தியத்தேவன், பெரிய பழுவேட்டரையர்னு எல்லார் மேலயும் ஒரு கோடு விழுது. கடைசியில் பழுவேட்டரையர் தான்தான் என்கிறார், அதையும் முழுசா நம்ப முடியலை.

நிஜத்தில் சந்தேகம் வேற இடத்துல இருக்கு. நீலகண்ட சாஸ்திரி 1935-ல் வந்த சோழர் வரலாற்றில், அண்ணன் மகன் செத்ததால் பட்டத்துக்கு வந்த உத்தம சோழனையே சந்தேகப்பட்டார். சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். கல்கியின் கதை பண்டாரத்தார் பக்கம் சாயுது. அதுவும் சும்மா சாயலை. பேராசைக்கார மதுராந்தகனை வேற பிள்ளைன்னு ஆக்கி அனுப்பிட்டு, பூக்கட்டி சாமிக்குப் போடுற சேந்தன் அமுதனை நிஜ மதுராந்தகனாக்கி சிம்மாசனத்துல உக்கார வெச்சிட்டார். ஒரு மனுஷன் மேல இருந்த சந்தேகத்தை ரெண்டு மனுஷனாப் பிரிச்சுக் கழுவி விட்டாச்சு! ரசிக்கும்படியான தந்திரம். ஆனா எனக்கு மனசு ஒப்பலை.

ஏன்னா கல்லு இருக்கு. எங்க ஊர்லேர்ந்து வடலூர், சேத்தியாத்தோப்பு, அப்புறம் ஏரிக்கரையோரமாவே காட்டுமன்னார்கோயில். அங்கே உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயில்ல ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு. அவன் பட்டத்துக்கு வந்தது 985. ஆக, கொலை நடந்து 15 வருஷத்துக்கு மேல ஆனப்புறம், உத்தம சோழன் ஆட்சி முழுக்க முடிஞ்சப்புறம், ராஜாவோட ஓலை வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம் சபைக்கு வருது. சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன்னு துரோகிகள் பேர் அதுல இருக்கு. ரவிதாசன் பேரோட பஞ்சவன் பிரமாதிராஜன்னு பட்டமும் இருக்கு. பிரமாதிராஜன் என்பது பிராமண அதிகாரிகளுக்கு ராஜா கொடுக்கிற பட்டம். கதையில் வர்ற மாதிரி காட்டுல மந்திரம் போட்டுத் திரிஞ்ச ஆள் இல்லை, பதவியில் இருந்தவன். (இதை வெச்சு ஃபேஸ்புக்ல நடக்கிற ஜாதிச் சண்டை தனி நாத்தம். ஆயிரம் வருஷத்துக்கு முந்தின மூணு பேர் பட்டத்தைக் காட்டி இன்னிக்கு யாரோ ஒருத்தனைத் திட்ட எப்படித்தான் மனசு வருதோ.)

அந்தக் கல்வெட்டுல என்னை உலுக்கினது கொலைகாரன் பேர் இல்லை. யார் யார் நிலத்தையெல்லாம் எடுக்கணும்னு வர்ற பட்டியல். அவனுங்க, அவனுங்க பிள்ளைங்க, கூடப் பிறந்தவங்க, தாய்மாமன், பொண்ணு கொடுத்த வீடு, பொண்ணு எடுத்த வீடு. இதை விடுமுறையில் எங்க ஆயாவுக்குப் படிச்சு அர்த்தம் சொன்னேன். ஆயா பொறந்த ஊர் சுரங்கத்துக்குப் போன ஊர். இப்ப வரைபடத்துல அந்த இடத்துல பள்ளம்தான் தெரியும். முழுக்கக் கேட்டுட்டு, "கொன்னவன் சரி. பொண்ணு குடுத்தவன் எங்கடா போவான்?"னு கேட்டுது. ராஜராஜன் நல்லவனா கெட்டவனான்னு லஞ்ச் டைம்ல மாசக்கணக்கா பேசினோமே, அங்க ஒருத்தர் கூட இதைக் கேட்கலை. நானும்தான்.

இங்கிலீஷ்ல ஆர்தர் கதையை பெர்னார்ட் கார்ன்வெல் 1995-லேர்ந்து 97-க்குள் மூணு நாவலா எழுதினார். அதில் ஆர்தர் ராஜாவே இல்லை, ஒரு படைத்தலைவன். லான்ஸ்லாட் கோழை. அந்த லான்ஸ்லாட்டைப் பார்த்து வாசகர்கள் இன்னிக்கும் ரெண்டு கட்சி. ஆனா அவருக்கு ஒரு வசதி. ஆர்தர் இருந்தானான்னு உறுதியாச் சொல்ல அந்தக் காலத்துக் கல்லு ஒண்ணும் கிடையாது. எப்படி வேணா வளைக்கலாம். கல்கிக்கு அந்த வசதி இல்லை. கல்லு முன்னாடி நிக்குது, பேரைச் சொல்லுது. அவரும் ரவிதாஸனை, சோமனை, பரமேஸ்வரனைக் கதைக்குள்ள கொண்டு வந்தார். அவங்க வீட்டு ஆளுங்களை மட்டும் ஏரிக்கரையிலேயே விட்டுட்டார்.

ஒரு நாவல் எல்லாத்தையும் சொல்லணுமான்னு நீங்க கேட்கலாம். வேண்டாம்தான். அஞ்சு பாகத்தையும் நாலு தடவை படிச்சவன் நான், அஞ்சாவது தடவையும் படிப்பேன். வந்தியத்தேவன் மாதிரி ஒரு ஆள் எந்த மொழியில் கிடைப்பான்? ஆனா அந்தக் குடும்பங்களில் ஒண்ணு, வண்டியைக் கட்டிக்கிட்டு வீராணம் கரையில் வடக்கே பார்த்துப் போற ஒரு அத்தியாயத்தை யாராவது எழுதினா, முதல் ஆளா வாங்கிப் படிப்பேன்.

பொங்கல் லீவுல ஊருக்குப் போறேன். உடையார்குடி, அப்படியே பக்கத்துல மேலக்கடம்பூர் தேர் வடிவக் கோயில்னு ஒரு நாள் ரவுண்டு. வர்ற பதிவர்கள் பின்னூட்டத்துல சொல்லுங்க. பைக் உங்களோடது, மதியச் சாப்பாடு எங்க வீட்டுது.