பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்னால்

வானொலிக்கு வந்த புதிதில் எல்லாரும் இன்னொருவர் குரலில்தான் பேசுவோம். மின்னல் எஃப்எம் ‘வானொலி 6’ ஆக இருந்த காலத்தில் கேட்டு வளர்ந்த அறிவிப்பாளர்களின் மூச்சு, நிறுத்தம், சிரிப்பு எல்லாம் நம்மை அறியாமலே வாயில் வந்துவிடும். பேசிப் பேசித்தான் நம் குரல் எது என்று பிடிபடும். கேமரா வாங்கியபோதும் அதே வழியில்தான் போனேன். மனத்துக்குப் பிடித்த இயற்கைப் படம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதைப் போலவே இங்கே தெப்ராவில் எடுத்துப் பார்ப்பது. “இது காப்பி அடிப்பது இல்லையா?” என்று கேட்டவர்கள் உண்டு. பாட்டு கற்றுக்கொள்கிற பிள்ளை குருவின் பாடாந்தரத்தை அப்படியேதானே பாடிப் பழகுகிறது? அதை யாரும் திருட்டு என்று சொல்வதில்லை.

முதலில் பார்த்துப் பழகியது மா. கிருஷ்ணனின் (1912–1996) படங்களை. ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன். காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். அவருடைய யானை, காட்டை விட்டுத் தனியாக வந்து நிற்காது. மரமும் புதரும் புல்லும் சேர்ந்தே படத்தில் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு தெப்ராவ் ஆற்றின் மேல் வட்டமிடும் செம்பருந்தை எடுக்கப் போனேன். பருந்தைப் பெரிதாக்கிக் காட்டத்தான் கை துடித்தது. கிருஷ்ணன் மாதிரி எடுப்பதென்றால் கண்டல் மரங்களும் வர வேண்டும், பின்னால் நிற்கும் அடுக்குமாடியும் வர வேண்டும். அந்தப் பருந்தின் காடு இப்போது அதுதானே.

ஆனால் என்னை ஒன்றரை ஆண்டு அலைய வைத்தது வேறொரு படம். ஊடகவியல் படித்தபோது விரிவுரையாளர் திரையில் காட்டியது. அமெரிக்கரான ஆன்சல் ஆடம்ஸ் 1941இல் நியூ மெக்சிகோ மாநிலத்தில், ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரின் அருகே சாலையோரத்தில் எடுத்த ‘நிலவெழுச்சி’. கீழே சில வீடுகள், சிறிய தேவாலயம், இடுகாட்டில் மாலை வெயில் பட்டு வெள்ளையாக மின்னும் சிலுவைகள். தூரத்தில் பனிமலை, மேகக் கீற்று. மேலே பெரிய கறுப்பு வானம், அதில் சின்னதாக ஒரு நிலா.

அதைப் பார்த்த அன்று எனக்கு நினைவுக்கு வந்தது எங்கள் பழைய தோட்டத்து இடுகாடு. பாட்டி அங்கேதான் இருக்கிறார். லயங்கள் எப்போதோ போய்விட்டன. பால்மரம் போய், செம்பனை வந்து, அதுவும் போய், மூன்று பக்கமும் தாமான்கள். தெப்ராவ் வட்டாரத்தில் இது புதிய கதை இல்லை. இன்று உணவகங்களும் கடைவீதியுமாக இருக்கிற மவுண்ட் ஆஸ்டினே ஒரு காலத்தில் பெரிய ரப்பர் தோட்டம்தான். எங்கள் தோட்டத்தில் மிஞ்சியது அம்மன் கோயிலும் அதற்கு மேற்கே உள்ள இடுகாடும். அந்த நிலமும் கைமாறிவிட்டது, சமாதிகளை வேறிடத்துக்கு மாற்றச் சொல்லிப் பேச்சு நடக்கிறது என்று அத்தை புலனத்தில் சொன்ன பிறகுதான் கேமராவோடு அங்கே போனேன்.

போலச் செய்து பார்க்காதவரை அந்தப் படம் எனக்கு வெறும் அழகுதான். செய்யத் தொடங்கியதும் அது கணக்காகிவிட்டது. பௌர்ணமி அன்று போனேன். நிலா எழும்போது வெயில் இறங்கிவிட்டது. நிலா பளிச்சென்று விழுந்தால் சமாதிகள் இருட்டு. சமாதிகள் தெரிந்தால் நிலா வெறும் வெள்ளைப் பொட்டு. வீட்டுக்கு வந்து ஆடம்ஸின் படத்தை மறுபடி உற்றுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அவருடைய நிலா முழுநிலா இல்லை. பௌர்ணமிக்கு ஒன்றிரண்டு நாள் முன்னால் நிலா வெயில் இருக்கும்போதே எழுந்துவிடும். இரண்டு நாள் முன்னால் என்றால் சூரியன் மறைவதற்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் முன்பே. அப்போதுதான் தரையில் வெயிலும் மேலே நிலாவும் ஒரே படத்தில் அடங்கும். வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியில் பௌர்ணமிக்கு இரண்டு கட்டம் முன்னால் பேனாவால் வட்டம் போட ஆரம்பித்தேன்.

அதோடு முடியவில்லை. நிலா எழும் இடம் மாதத்துக்கு மாதம் நகர்கிறது. டிசம்பரில் முழுநிலா வடகிழக்கில், ஜூனில் தென்கிழக்கில். கோயில் கூரைக்கு மேலே, நேர் கிழக்கில் வர வேண்டுமென்றால் மார்ச் அல்லது செப்டம்பர். ஆண்டுக்கு இரண்டே வாய்ப்பு. செப்டம்பரில் புகைமூட்டம், நிலா பழுப்பு நிறத்தில் ஒரு கறை மாதிரி இருந்தது. மார்ச் வரை இடுகாடு இருக்குமா என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

இந்தக் கணக்கை வானியலாளர்கள் தலைகீழாகப் போட்டிருக்கிறார்கள். ஆடம்ஸுக்குத் தேதி குறித்து வைக்கும் பழக்கமில்லை. அந்தப் படத்துக்கே வெவ்வேறு ஆண்டுகளைச் சொல்லிவந்தார். படத்தில் நிலா நிற்கும் உயரத்தையும் திசையையும் வைத்து டென்னிஸ் டி சிக்கோ என்பவர் 1991இல் கண்டுபிடித்தார்: 1941 நவம்பர் 1, மாலை 4:49. ஆடம்ஸின் இன்னொரு நிலாப் படம் யோசெமிட்டி மலையில் 1948 செப்டம்பர் 15இல் எடுத்தது என்று கணக்கிட்டவர்கள், அதே நிலா அதே இடத்துக்கு 2005 செப்டம்பர் 15இல் வரும் என்றும் சொன்னார்கள். நிலாவின் சுழற்சி 19 ஆண்டு. மூன்று சுற்று, 57 ஆண்டு. அன்று அந்த மலைமுகட்டில் பெரிய கூட்டமே கேமராவோடு கூடிவிட்டது. காப்பி அடிப்பவள் நான் ஒருத்தி மட்டும் இல்லை!

ஆடம்ஸ் வெயில் நழுவுவதைப் பார்த்து அவசரமாக வண்டியை நிறுத்தியவர். ஒளி அளக்கும் கருவி கைக்கு அகப்படவில்லை. நிலாவின் வெளிச்சம் எவ்வளவு என்பது மனப்பாடமாக இருந்ததால் அதை வைத்தே கணக்குப் போட்டு எஃப் 32இல் ஒரு விநாடி திறந்தார். இரண்டாவது படத்துக்குத் தயாராவதற்குள் சிலுவைகளின் மேல் இருந்த வெயில் போய்விட்டது. நிலாவின் ஒளி எல்லா ஊரிலும் ஒன்றுதான் என்பதால் அதே கணக்கு இங்கேயும் செல்லும் என்று நினைப்போம். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம்; நிலா கொஞ்சம் மேலே ஏறும்வரை அந்தக் கணக்கு பொருந்தாது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் சூரியனும் நேராக விழுந்துவிடும். அந்தி இருபது சொச்ச நிமிடம்தான்.

இன்னொன்று. அந்தக் கறுப்பு வானம் அன்று அங்கே இருந்ததில்லை. ஆடம்ஸின் முதல் பிரதிகளில் வானம் வெளுப்பாக இருக்கும், மேகங்கள்கூடத் தெரியும். பல ஆண்டுகள் இருட்டறையில் உழைத்து அவர்தான் அதைக் கறுப்பாக்கினார். என் படத்தையும் கணினியில் அப்படி இருட்டாக்கிப் பார்த்தேன். கோயிலுக்குப் பின்னால் நிற்கும் அடுக்குமாடி இருளில் கரைந்துபோனது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் கிருஷ்ணன் மனத்தில் வந்து நின்றார். வானத்தைச் சாம்பல் நிறத்திலேயே விட்டுவிட்டேன்.

மார்ச் மாதம் அந்த நாள் வானம் தெளிந்திருந்தது. நான் முக்காலியை ஊன்றிக்கொண்டிருந்தபோது, கோயில் சாவி வைத்திருக்கும் ஐயா மோட்டாரில் வந்து இறங்கினார்.

“என்னம்மா, இருட்டப் போற நேரத்துல இங்க என்ன செய்யிற? யார் வீட்டுப் பிள்ளை நீ?”

பாட்டி பெயரைச் சொன்னதும் அடையாளம் கண்டுகொண்டார். “அட, எட்டாம் லயத்து அம்மா பேத்தியா!” என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். ஏழு மணிக்குச் சற்று முன்னால் வெயில் சமாதிக் கற்களின் மேற்கு விளிம்புகளை மட்டும் வெளுப்பாக்கியது. பதினோரு படம் எடுத்தேன். ஒன்று தேறியது.

அடுத்த வாரம் அதைப் பெரிதாகப் பிரதி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஐயா நிலாவைக் கவனிக்கவே இல்லை. விரலை வைத்து வரிசை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார்: இது மண்டோர் பெரியவர், இது கொசுக்காய்ச்சலில் போன பிள்ளை, இது பெயர் எழுத வசதியில்லாமல் விட்ட கல், இது உன் பாட்டி. பிறகு கேட்டார்: “பெயர் தெரியிற மாதிரி ஒவ்வொண்ணா எடுத்துத் தர முடியுமாம்மா? மாத்தும்போது எந்தக் கல் யாருதுன்னு குழம்பிடக்கூடாது.”

எழுத்துகள் பல தேய்ந்துபோயிருந்தன. நடுப்பகலில் எடுத்தால் ஒன்றும் படிக்க முடியவில்லை. தலை தெற்கே வைத்துப் புதைத்ததால் கற்களின் முகம் வடக்கு நோக்கி இருக்கிறது. மாலை ஐந்தரைக்கு மேல் வெயில் பக்கவாட்டில் கல்லை உரசிக்கொண்டு வரும்போது, செதுக்கிய ஒவ்வொரு கோட்டிலும் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வருகிறது. அந்தச் சிலுவைகளைப் பார்த்துக் கற்ற பாடம்தான். ஆனால் வெயில் தென்மேற்கில் சாயும் மாதங்களில் கல்லின் முகம் முழுக்க நிழலாகிவிடும். செப்டம்பருக்குள் முடித்தாக வேண்டும்.

இதுவரை முப்பத்தெட்டு கற்கள் ஆகிவிட்டன. நிகழ்ச்சி இல்லாத சனிக்கிழமைகளில் போகிறேன். ஐயா ஒரு பழைய கணக்குப் புத்தகத்தில் எண் போட்டு, பெயர், லயம், இப்போது பிள்ளைகள் இருக்கும் ஊர் என்று எழுதிக்கொள்கிறார். மாசாயில் ஒரு குடும்பம், கூலாயில் இரண்டு, சிங்கப்பூரில் ஒரு பேரன் என்று ஆட்கள் தெரிய வந்திருக்கிறார்கள். வேலியோர வரிசை பாக்கி. அங்கே லாலான் புல் இடுப்பளவு வளர்ந்திருக்கிறது. வெட்டுவதற்கு அத்தை மகன் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.