அப்பா மாதிரியே ஒரு படம்

போட்டோ எடுக்கத் தெரியும்னு பதினஞ்சு வருஷமா ஊரை நம்ப வச்சிட்டிருக்கேன். ஆனா எடுத்த படத்தைப் பெருசா பிரிண்ட் போடறது தனி வித்தைன்னு தெரிஞ்சுக்க, அப்பா போய் ஒரு வருஷம் ஆக வேண்டியிருந்தது.

அப்பாவுக்கு சங்கரன்கோவில் பக்கம் சைக்கிள் கடை. 2013 தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தப்ப, கடையில ஸ்டூல் போட்டு உக்காந்து ஒரு ரிம்முக்குக் கோட்டம் எடுத்துட்டிருந்தார். சாயங்கால வெயில் வாசல் வழியா சாய்வா உள்ள வந்து அவர் கை மேல விழுந்திருந்தது. அப்போ என்கிட்ட ஒரு நிக்கான் டி3100 இருந்தது. ஒரே ஒரு கிளிக். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கல. "ஏல, வேலை பாக்கும்போது என்னல போட்டோ"ன்னு மட்டும் சொன்னார். கையெல்லாம் கிரீஸ், முழங்கை வரைக்கும். நான் எடுத்த படங்கள்லயே உருப்படியானது அது ஒண்ணுதான்.

2023-ல அப்பா தவறிட்டார். முதல் வருஷ திதிக்கு அந்தப் படத்தை கேன்வாஸ்ல போட்டு அம்மாகிட்ட குடுக்கணும்னு ஆசை. பண்ணினேன். எப்படிப் பண்ணினேன்னு கேளுங்க. குடும்ப வாட்ஸப் குரூப்ல கிடந்த படத்தை அப்படியே எடுத்து ஒரு கடைக்கு அனுப்பிட்டேன். "24-க்கு 16 இஞ்ச், நல்லா பண்ணிக் குடுங்க தம்பி." அவ்ளோதான். அந்த "நல்லா"ங்கற வார்த்தைதான் எமன்.

திதிக்கு மொத நாள் பார்சலைப் பிரிச்சு அம்மா முன்னாடி வச்சேன். அம்மா ரொம்ப நேரம் பார்த்தாங்க. அப்புறம் மெதுவா, "நல்லாத்தான் இருக்குய்யா. உங்கப்பா மாதிரியே இருக்கு"ன்னாங்க.

மாதிரியே! அப்பா படத்தைப் பார்த்து அப்பா மாதிரியே இருக்குன்னா என்னங்க அர்த்தம்?

ராத்திரி தனியா உக்காந்து பார்த்தப்பதான் புரிஞ்சது. அப்பாவை ரெண்டு மூணு ஷேடு வெளுப்பாக்கியிருந்தாங்க. நெத்திச் சுருக்கத்தைக் காணோம். நரைச்ச மீசை கறுப்பாயிருந்தது. கையில இருந்த கிரீஸையும் துடைச்சு விட்டிருந்தாங்க! நாப்பது வருஷம் சோப்பு போட்டும் போகாத கிரீஸை, ஒரு தம்பி அஞ்சு நிமிஷத்துல அழிச்சிட்டார். அவரைக் குத்தம் சொல்லி என்ன பண்ண? கல்யாண ஆல்பத்துல நாமளே கேட்டு வாங்கறதுதானே இது. நல்லா பண்ணுங்கன்னு சொன்னா, நம்மூர்ல அதுக்கு அர்த்தம் சிவப்பாக்குங்கங்கறதுதான். தப்பு என்னுது.

அடுத்த தப்பும் என்னுதுதான். வாட்ஸப்ல சாதாரணமா அனுப்பற படம் நீளவாக்குல சுமார் 1600 பிக்ஸலுக்குச் சுருங்கிடும். 1600-ஐ 24 இஞ்சுக்கு இழுத்தா, இஞ்சுக்கு 66 பிக்ஸல்தான். முகம் ஊறப் போட்ட அவல் மாதிரி ஆகாம என்ன ஆகும்? 2023-லேர்ந்து எச்.டி.ன்னு ஒரு வசதி குடுத்திருக்காங்க, அதுலயும் கொஞ்சம் சுருங்கத்தான் செய்யும். அனுப்பித்தான் ஆகணும்னா டாக்குமெண்டா அனுப்புங்க.

மூணாவது தப்பு இன்னும் மோசம். கேன்வாஸை மரச்சட்டத்துல இழுத்து, ஓரத்தைப் பின்பக்கம் மடிச்சு ஸ்டேப்ளர் அடிப்பாங்க. ஒன்றரை இஞ்ச் கனமான சட்டம்னா, நாலு பக்கமும் ஒன்றரை இஞ்ச் படம் பக்கவாட்டுக்குப் போயிடும். அப்பாவோட இடது கை படத்துல ஓரத்துலதான் இருந்தது. விரல் நாலும் மடிப்புல மாட்டி சைடுக்குப் போயிடுச்சு. முன்னாடி நின்னு பார்த்தா, விரல் இல்லாத மனுஷன்.

சரி, மறுபடி பண்ணுவோம்னு சென்னைக்கு வந்ததும் பீரோ அடியில கிடந்த பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தேடி எடுத்தேன். மூணு தடவை செருகினப்புறம் உயிர் வந்தது. அந்த மூணு நிமிஷம் நான் பட்ட பாடு இருக்கே! ஒரிஜினல் இருந்தது, 4608-க்கு 3072. அதே 24-க்கு 16 இஞ்சுக்கு இப்போ இஞ்சுக்கு 192 பிக்ஸல். கையில வச்சுப் பார்க்கற பேப்பர் பிரிண்டுக்கு 300 வேணும்பாங்க. கேன்வாஸ் சொரசொரப்பா இருக்கும், நாம பார்க்கறதும் ரெண்டு மூணு அடி தள்ளி நின்னு, அதனால 150 இருந்தாலே தாராளம். பிக்ஸலை இஞ்சால வகுத்துப் பாருங்க, நூறுக்குக் கீழ வந்தா அளவைக் குறைச்சிடுங்க. பெரிய மங்கல் படத்தைவிட சின்ன தெளிவான படம் எவ்வளவோ மேல்.

இந்தத் தடவை வேற ஒரு கடைக்கு நேர்லயே போனேன். நான் கேட்டதும் கத்துக்கிட்டதும் இதுதான்.

ஒண்ணு, துணி. பருத்தி, பாலியஸ்டர், ரெண்டும் கலந்ததுன்னு மூணு வகை இருக்கு. மூணுலயும் நல்லது உண்டு. ஆனா கேன்வாஸ்ங்கற பேர்ல ஃப்ளெக்ஸ் பேனருக்கு அண்ணன் தம்பி மாதிரி ஒரு பளபளா பிளாஸ்டிக்கும் ஓடுது. ஒரு துண்டு வாங்கி மடிச்சுப் பாருங்க. மடிப்புல மை வெடிச்சு வெள்ளைக்கோடு விழுந்தா, சட்டத்து மூலையிலயும் அதேதான் நடக்கும்.

ரெண்டு, மை. பிக்மெண்ட் மையான்னு கேளுங்க. டை மையைவிட அது சீக்கிரம் வெளுக்காது. மேல ஒரு கோட்டு வார்னிஷ் அடிச்சாங்கன்னா தூசி தட்டறதுக்குச் சுலபம்.

மூணு, ஓரம். முக்கியமான எதுவும் ஓரத்துல இருந்தா, படத்தை மடிக்க விடாதீங்க. பக்கவாட்டுக்குக் கண்ணாடி பிம்பம் மாதிரி திருப்பிப் போடலாம், இல்ல வெறும் கறுப்பு போடலாம். நான் கறுப்பு போட்டேன். அஞ்சு விரலும் திரும்பி வந்தது.

நாலு, சட்டம். காயாத மரம்னா கொஞ்ச நாள்ல முறுக்கிக்கும். பின்பக்கம் மூலையில சின்ன மர ஆப்பு குடுப்பாங்க. துணி தொய்ஞ்சா அதை லேசாத் தட்டினா மறுபடி விறைப்பாகிடும். (வாழ்க்கையில எனக்கு உபயோகமா கிடைச்ச ஒரே ஆப்பு இதுதான்.)

அஞ்சாவதுதான் முக்கியம், நிறம். மானிட்டர் வெளிச்சம் போட்டுக் காட்டும், துணி காட்டாது. ஸ்க்ரீன்ல சரியா தெரியற படம் பிரிண்ட்ல இருட்டா வரும். அதனால ஸ்க்ரீன் வெளிச்சத்தைக் குறைச்சு வச்சுப் பாருங்க. முழுசா போடறதுக்கு முன்னாடி, முகமும் கையும் மட்டும் அதே அளவுல ஒரு துண்டு கேன்வாஸ்ல அடிச்சுத் தரச் சொன்னேன். முதல் துண்டு இருட்டா இருந்தது. கடைக்காரர் "முகத்தைக் கொஞ்சம் பளிச்னு பண்ணிடலாமா சார்?"னு கேட்டார். வேணாங்க, மொத்தப் படத்தையும் கொஞ்சம் ஏத்துங்க, முகத்தை மட்டும் தொடாதீங்கன்னேன். அவர் ஒரு மாதிரியா பார்த்தார். "எங்கப்பா கறுப்புங்க"ன்னு சொன்னேன். சொல்லும்போது ஏன்னு தெரியல, தொண்டை அடைச்சுக்கிச்சு. அப்புறம் அவர் ஒண்ணும் கேக்கல.

ரெண்டாவது துண்டுல அப்பா வந்துட்டார்.

இன்னொண்ணும் சொல்லணும். எல்லாப் படத்துக்கும் கேன்வாஸ் சரிப்படாது. முப்பது பேர் நிக்கற குடும்பப் படத்துல முகம் ஒவ்வொண்ணும் பொட்டு அளவுதான் இருக்கும், துணியோட சொரசொரப்பு அதை முழுங்கிடும். அதுக்குப் பேப்பர் பிரிண்ட் போட்டு கண்ணாடி ஃப்ரேம்தான் நல்லது.

பொங்கலுக்கு எடுத்துட்டுப் போனேன். வெயில் நேரா அடிக்காத, மழைக்கு ஓதம் ஏறாத சுவராப் பார்த்து ஹால்ல ஆணி அடிச்சேன். அம்மா கையில சந்தனக் கிண்ணத்தோட வந்தாங்க. கண்ணாடி போட்ட படம்னா பொட்டு வச்சு அடுத்த வாரம் துடைச்சுக்கலாம். துணியில வச்சா கறை ஊறிடும், ஈரப் பூ மாலையும் ஆகாது, விளக்குப் புகையும் படியும். அம்மாகிட்ட இதை எப்படிச் சொல்றதுன்னு நான் முழிச்சிட்டு நின்னேன்.

ஆனா அம்மா கிண்ணத்தைக் கீழ வச்சிட்டாங்க. படத்துக்குப் பக்கத்துல போய் அந்தக் கையைப் பார்த்தாங்க.

"கையக் கழுவிட்டு வாங்கன்னா என்னிக்குக் கேட்டிருக்காரு இந்த மனுசன்."

சொல்லிட்டு அடுக்களைக்குப் போயிட்டாங்க. சந்தனம் பூஜை ரூம்ல இருக்கற பழைய பாஸ்போர்ட் சைஸ் படத்துக்குப் போச்சு. ஹால்ல இருக்கறவர் இன்னும் வேலை பார்த்துட்டுத்தான் இருக்கார்.

பி.கு: பழைய ஹார்ட் டிஸ்க் வச்சிருக்கறவங்க இன்னிக்கே எடுத்துச் செருகிப் பாருங்க. ஒரிஜினலை இன்னொரு இடத்துலயும் ஒரு காப்பி போட்டு வைங்க. அப்புறமா கேன்வாஸைப் பத்தி யோசிக்கலாம்.